தராசின் அடியில் சேறு

பாகாவ் செம்பனை ஆலையில்
லோரிக்கு எடைபோடுவது என் வேலை.
பத்தொன்பது வருடம்.
குலையோடு ஏறும், கொட்டிவிட்டுத் திரும்பும்,
கழித்தால் வருவது காசு.
கழிக்கத் தெரிந்தவள் நான்.
என் ரத்தத்தில் மட்டும்
எதைக் கழித்தாலும் நூற்று எழுபத்தெட்டு.

முதலில் ஒரு மாத்திரை. பிறகு இரண்டு.
மூன்றாவது, மூத்திரம் போகவைப்பது.
எடைக்கூண்டிலிருந்து கழிவறைக்கு எண்பது அடி,
அதற்குள் இரண்டு பேர் ஹாரன் அடித்துவிடுவார்கள்.
நான்காவதைப் பாதியாய் உடைக்கச் சொன்னார்கள்.
உப்பை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன்.
கிளினிக்கில் மிஸ்ஸி சல்மியா
ஒவ்வொரு முறையும் அதே கேள்வி:
"பக்கியாம், மருந்து சாப்பிடுறதில்லையா?"
காலி அட்டைகளை மைலோ டின்னில் சேர்த்து
அவள் மேசையில் கவிழ்த்தேன்.
எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது.
அதற்குமேல் அவளிடம் கேள்வி இல்லை,
சிரம்பானுக்கு எழுதிக் கொடுத்தாள்.

சிரம்பானில் கையில் ஒரு பட்டையைக் கட்டி
வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அரைமணிக்கொரு தரம் இறுக்கிப் பிடித்தது,
தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல்.
மறுநாள் டாக்டர் கோ தாளைத் திருப்பிக் காட்டினார்.
"விடியற்காலை மூன்று மணி. தூங்கினீர்களா?"
தூங்கினேன் என்றேன்.
"நீங்கள் தூங்கினீர்கள்.
உங்கள் நரம்பு தூங்கவில்லை."

கழுத்துக் குழாயில் ஒரு தராசு உண்டாம்.
ரத்தம் சுவரைத் தள்ளுவதை நிறுத்து
மூளைக்குச் சொல்லுமாம்.
நெடுங்காலம் பாரம் ஏறிய தராசு
பாரத்தையே பூச்சியம் என்று பழகிவிடுமாம்.
பிறகு மூளை, நரம்பு வழியே
சிறுநீரகத்துக்கு ஆள் அனுப்பும்:
உப்பை விடாதே, தண்ணீரை விடாதே,
குழாயை இறுக்கு,
ஏதோ வருகிறது.
பாதி மலாயில்தான் சொன்னார்,
எனக்கு முழுதும் புரிந்தது.
எங்கள் மேடைக்கு அடியிலும்
மழைக்காலத்தில் சேறு கட்டும்.
வெறும் மேடை நாற்பது கிலோ காட்டும்.

ஏதோ வருகிறது.
அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.
தம்பி சுகுமாறன் ஆலோங்கிடம்
பன்னிரண்டாயிரம் வெள்ளி வாங்கி
என் முகவரியை எழுதிக் கொடுத்த வருடம்.
கேட்டில் சிவப்புச் சாயம். பூட்டில் பசை.
தெருவில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால்
விளக்கை அணைத்துவிட்டு
அடுப்படியில் உட்காருவோம்,
நானும் மகளும், பாதிச் சோற்றோடு.
நகையை விற்று, கூட்டுப்பணம் எடுத்து,
எல்லாம் கட்டி முடித்து ஆறு வருடம்.
ரசீது இல்லை.
அந்தக் கடனுக்கெல்லாம் ரசீது கிடையாது.
அதனால்தானோ என்னவோ
முடிந்த செய்தி
உள்ளே போய்ச் சேரவில்லை.

கோலாலம்பூரில் ஒரு சிகிச்சை இருக்கிறதாம்.
தொடை வழியாகக் கம்பி ஏற்றி,
சிறுநீரகக் குழாயைச் சுற்றிய நரம்புக்குச் சூடு போட்டு
வாயை மூடவைப்பது.
பத்து இறங்கலாம். இறங்காமலும் போகலாம்.
மாத்திரை அநேகமாகத் தொடரும்.
"நிச்சயமாய்ச் சொல்ல முடியாது" என்று அவர் சொன்னது
எனக்குப் பிடித்திருந்தது.
"நிச்சயம் அக்கா" என்றுதான்
சுகுமாறன் சொல்லியிருந்தான்.
தாள் கைப்பையில் இருக்கிறது,
கையெழுத்து இல்லாமல்.

நேற்று இரவு ஷிப்டு.
பதினொன்றரைக்குமேல் லோரி இல்லை.
மேடையில் போய் நின்றேன்.
செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது.
வெளித்திரையில் சிவப்பாய் நூறு.
என் எடை அறுபது. மீதி சேறு.
இறங்கி உள்ளே வந்து
பொத்தானை அழுத்தினேன்.
பூச்சியம்.
அவ்வளவு சுலபம்.

அப்போது வாசலில்
மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்தது.
மாற்றுக் காவலன் பிகாஷ்,
தே ஓ பொட்டலத்தோடு.
அவன்தான் என்று எனக்குத் தெரியும்.
நன்றாகத் தெரியும்.
அதற்குள் என் கை
விளக்கை அணைத்திருந்தது.